சூடு போட்டுத் தீராத நொண்டி

குதிரை நொண்டினால் சூடு போடு. சேத்தூரில் கேட்டாலும் இதுதான் பதில். ராஜபாளையத்தில் கேட்டாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களிடம் கேட்டாலும் இதுதான் பதில். பழுக்கக் காய்ச்சின கம்பியால் சப்பையில் மூன்று கோடு. அதிலும் கேட்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே இன்னும் இரண்டு கோடு. இந்தப் பதில் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு நொண்டி சப்பையில் வருகிறது, அல்லது நரம்பில் வருகிறது. நீர் இறங்கி நரம்பு பிடித்துக்கொள்கிறது, சூடு அந்த நீரை முறிக்கும். குளம்பு என்பது நகம், அதற்கு உணர்ச்சி கிடையாது, லாடம் தேய்ந்தால் மாற்றினால் போதும். சில குதிரைகள் வேலைக்குப் பயந்து சண்டித்தனம் பண்ணி நொண்டும். தட்டி ஓட்டினால் உடம்பு சூடேறிச் சரியாகிவிடும். சுழி கெட்ட குதிரை என்றால் எந்த வைத்தியமும் பலிக்காது. முகூர்த்தம் நெருக்கிவிட்டால் ஓர் ஊசி.

இப்படிச் சொல்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். தாங்கள் சாப்பிடுமுன் குதிரைக்குக் கொள்ளு அவித்து வைக்கிறவர்கள். அப்பனும் பாட்டனும் செய்ததைச் செய்கிறார்கள். சூடு போட்ட பிறகு குதிரை நடந்ததைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததை இல்லை என்று மறுக்க நான் வரவில்லை. பார்த்ததற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பிழை.

1. குளம்பு நகம்தானே என்கிறார்கள். பாதி சரி. வெளிச்சுவர் நகம்போல் கெட்டியானது, ஆணி அடித்தாலும் வலிக்காது. அந்தச் சுவருக்கு உள்ளே என்ன இருக்கிறது? குளம்பின் வடிவிலேயே ஓர் எலும்பு இருக்கிறது. அது தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. சுவரின் உட்புறத்தில் புத்தக ஏடுகளைப் போல அடுக்கடுக்காக இருக்கும் சுமார் 600 மெல்லிய மடிப்புகளைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. குதிரையின் பாரம் முழுவதும் இந்த நான்கு தொங்கல்களில்தான் நிற்கிறது. அதிலும் நூற்றுக்கு 60 பங்கு முன்கால்களில். மடிப்புகள் நிறைய ரத்த ஓட்டமும் நரம்பும். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் முள் ஏறினவருக்கு, நகத்துக்கு உணர்ச்சி இல்லை என்ற பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும்.

குளம்புக்குள் சீழ் பிடித்தால் அது வீங்குவதற்கு இடமே இல்லை. சுற்றிலும் கெட்டிச் சுவர். அழுத்தம் ஏற ஏற, எலும்பு முறிந்த குதிரையைப் போல் மூன்று காலில் நிற்கும். வெளியே பார்த்தால் வீக்கம் இல்லை, காயம் இல்லை. ஆகவே பார்க்கிறவன் கண் மேலே போகிறது, சப்பைக்கு. வாரக்கணக்கில் அந்தக் காலை ஊன்றாமல் விட்டதால் சப்பைத் தசை வற்றியிருக்கும். ‘பாத்தீங்களா, சப்பை வத்திப்போச்சு, நோய் இங்கதான்’ என்று கம்பியைக் காய்ச்சுகிறார்கள். விளைவைப் பிடித்துக் காரணம் என்கிறார்கள். கீழே கிடக்கிற நோய்க்கு மேலே தண்டனை.

முன்கால் நொண்டியில் பெரும்பகுதி குளம்பில்தான் பிறக்கிறது. குதிரை வைத்தியம் படித்தவர்கள் எந்தக் காலை எடுத்தாலும் முதலில் குளம்பைத் துடைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

2. சூடு போட்டதால் நடந்ததா, சூடு போட்ட பிறகு நடந்ததா? இரண்டும் ஒன்றல்ல. எங்கள் தெருக்கோடியில் கட்டியிருந்த ஒரு வெள்ளைக் குதிரையை வைத்துச் சொல்கிறேன். இடது முன்கால். காலையில் ஊன்றவில்லை. அன்று மாலையே சப்பையில் மூன்று கோடு இழுத்தார்கள். அது கத்தின சத்தம் தேரடி வரைக்கும் கேட்டது. பிறகு வழக்கப்படி, சூட்டுப் புண் ஆறுகிறவரை குதிரையை அவிழ்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள், குளம்பும் மயிரும் சேருகிற வரம்பில் ஒரு துளை விட்டுக் கறுப்பாய் நாற்றமெடுத்த சீழ் வடிந்தது. மறுநாள் குதிரை நடந்தது. ‘பாத்தீங்களா அண்ணாச்சி, சூடு கேட்டிருச்சு’ என்றார் சொந்தக்காரர்.

நான் பார்த்தது வேறு. குளம்புக்குள் கட்டிய சீழ் கீழே வழி கிடைக்காமல், இளக்கமான மேல் வரம்பைத் தேடி ஏறி உடைத்துக்கொண்டது. சூடு போடாமல் இருந்தாலும் உடைத்திருக்கும். அடியில் ஒரு சின்ன வழி திறந்துவிட்டிருந்தால் முதல் நாளே வடிந்திருக்கும். பன்னிரண்டு நாள் வேதனை வீண்.

தசைநாண் பிசகினாலும் கதை இதேதான். சூடு போட்டவன் குதிரையை வாரக்கணக்கில் கட்டிவைக்கிறான். புண்ணோடு சேணம் போட முடியாது. அந்தக் கட்டாய ஓய்வு குணப்படுத்துகிறது, பேர் கம்பிக்குப் போகிறது. இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் காலில் சூடு இழுத்தார்கள், படித்த மருத்துவர்களே இழுத்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயன் சில்வர் குழுவினர் இதைச் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள்: சூட்டினால் தசைநாண் ஆறுவதில் ஒரு நன்மையும் இல்லை. 1991இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் ராயல் கல்லூரி, சூடு போடுவது மருத்துவ நெறிக்கு மாறானது என்று அறிவித்தது. பழசு என்பதால் ஒரு பழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அவர்களுடையதும் பழசுதான். சோதித்துப் பார்த்து விட்டார்கள்.

3. சண்டித்தனம் என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். அதற்குத் துணையாக ஒரு பழமொழி வேறு: நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. குதிரை சாக்குச் சொல்லும் என்று நம்புகிறவர், குதிரை எப்படிப்பட்ட பிராணி என்று யோசிக்க வேண்டும். புல்வெளியில் நொண்டுகிற குதிரையைத்தான் வேட்டை மிருகம் முதலில் தேர்ந்தெடுக்கும். அதனால் இந்த இனம் வலியைக் காட்டாமல் மறைக்கப் பழகிய இனம். அது நொண்டுகிறது என்றால், மறைக்க முடியாத அளவுக்கு வலிக்கிறது என்று பொருள்.

நடிப்பா வலியா என்று தெரிந்துகொள்ள மந்திரம் வேண்டாம். தளர்ந்த கயிற்றில் பிடித்து, கெட்டித் தரையில் நேராகப் பெருநடை விட்டுத் தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது கீழே வரும். இந்தத் தலையாட்டலைக் கல்யாண ஊர்வலங்களில் ‘குதிரை ஆட்டம் போடுது’ என்று ரசித்துக் கைதட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாதஸ்வரத்துக்கு அது தலையாட்டவில்லை.

ஓட்டினால் சரியாகிறதே என்பார்கள். சில மூட்டு நோய்களில் உடம்பு சூடேறினதும் நொண்டி குறைவது உண்மை. இரவு கட்டிப்போட்டால் காலையில் முன்பைவிட அதிகமாக வரும், அதுவும் உண்மை. முதல் உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி பூட்டக் கூடாது.

4. லாடம் தேய்ந்தால் மாற்றலாம் என்பது இரும்பைப் பார்க்கிற கணக்கு. குளம்பைப் பார்க்கிற கணக்கு வேறு. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. லாடம் இருப்பதால் தரையில் தேய்வதும் இல்லை. ஆறு வாரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னால் நீண்டுவிடும். இரும்பு புதிதாகவே இருக்கும், குளம்போ உருக்குலைந்திருக்கும். சின்னப் பிள்ளை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நுனி நீண்ட குளம்போடு குதிரை நடப்பது அப்படித்தான். ஒவ்வொரு அடியிலும் நுனியைத் தாண்டிக் காலைப் புரட்ட, பின்புறத் தசைநாண் கூடுதலாக இழுபடுகிறது. பிறகு தசைநாண் வீங்கினால் அதற்கும் சூடு.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைக் குறட்டால் வெட்டி, அரத்தால் மட்டம் பிடித்து, தேயாத லாடமானாலும் மறுபடி பொருத்த வேண்டும். லாடத்தைக் குளம்புக்குத் தக்கபடி வளைக்க வேண்டும். கையில் இருக்கிற லாடத்துக்குத் தக்கபடி குளம்பை ராவித் தள்ளுவது நம்மூர் வழக்கம், அதை நிறுத்த வேண்டும்.

லாடக்காரர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவது நியாயமல்ல. எங்கள் பக்கத்து லாடக்காரர்கள் மாட்டுக்கு அடித்துப் பழகிய கைகள். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு. காலுக்கு இரண்டு தகடாக ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடு. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு காளைக்கு அவர்கள் லாடம் அடித்து முடிக்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குதிரைக்கு நிற்க வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்து அடிக்க வேண்டும். ஒரே வளைந்த லாடம். ஆணி உணர்ச்சியில்லாத சுவருக்குள்ளேயே சாய்ந்து வெளியே வர வேண்டும். ஒரு நூல் உள்ளே போனால் சதையில் ஏறும், அல்லது சதையை ஒட்டி நெருக்கும். லாடம் அடித்த ஓரிரு நாளில் நொண்டி வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், ஆணியைக் கழற்றிப் பாருங்கள். டிராக்டர் வந்து மாடு குறைந்தது, அவர்கள் தொழில் போனது. குதிரையோ அதைவிடக் குறைவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகள் சுமார் 3.4 லட்சம், 2012ஐவிட ஏறக்குறைய பாதிக்குப் பாதி சரிவு. யாரிடம் போய் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்? லாடம் அடிப்பவர் உரிமம் பெற வேண்டும் என்று மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இலேயே மத்திய அரசு தனி விதி வகுத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் உரிமத்தைக் கையில் வைத்திருக்கிற ஒருவரை நான் கண்டதில்லை. விதி போட்டவர்கள் பயிற்சியும் போட்டிருக்க வேண்டும்.

5. சுழியைப் பார்க்கிறீர்கள், குளம்பைத் தூக்கிப் பார்த்தீர்களா? அந்தியூர் ஆடிச் சந்தைக்குப் போய்க் குதிரை பிடித்து வருகிறவர்கள் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, வயிற்றுச் சுழி என்று மயிரை விலக்கி விலக்கிப் பார்க்கிறார்கள். நடக்கப் போவது மயிரா? சுழி என்பது மயிர் முளைக்கிற திசை. அதனால் ஒரு வீடு வாழ்ந்ததும் இல்லை, கெட்டதும் இல்லை. அதன் மேல் பணம் கட்டுகிறவர், அடிக்குளம்பு தட்டையா குழிவா, நடுவில் இருக்கும் முக்கோண மெத்தை அழுகியிருக்கிறதா, சுவரில் வெடிப்பு மேல் வரம்பு வரை ஓடியிருக்கிறதா என்று பார்க்காமல் குதிரையை ஏற்றி வருகிறார். ஆறு மாதத்தில் நொண்டுகிறது. ‘சுழி வேலையைக் காட்டிருச்சு’ என்று விலை இறக்கித் தள்ளிவிடுகிறார். அடுத்தவர் வாங்கி மறுபடி சூடு. இந்த நம்பிக்கையின் உண்மையான தீங்கு, காரணம் தேடுகிற வேலையையே அது நிறுத்திவிடுகிறது.

பாண்டிய நாட்டுக்கு இந்த வியாதி புதிதல்ல. 1290களில் இந்தக் கரையைத் தொட்டுச் சென்ற மார்க்கோ போலோ எழுதியிருப்பதை நம் பள்ளிக்கூடங்களில் பெருமையோடு சொல்லித் தருகிறோம்: அரபு நாட்டிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் காயல் துறையில் வந்து இறங்கின, பாண்டியர் பொன்னை அள்ளிக் கொடுத்து வாங்கினர். அதற்கடுத்து அவர் எழுதியதைச் சொல்வதில்லை. வாங்கிய குதிரைகளில் வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாது. இவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை. குதிரைக் காலும் நோயும் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வணிகர்கள் அவர்களை அழைத்து வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை, குதிரை செத்தால்தான் அடுத்த வருஷம் விற்கலாம். எழுநூறு வருஷத்துக்கு முன்பு ஒரு வியாபாரி நம் அறியாமையில் லாபம் கண்டான். சூடு போட்டு வீணான குதிரைக்குப் பதிலாக இன்னொன்று விற்கிற தரகருக்கு இன்றும் அதே லாபம்.

6. ஊசி போட்டால் ஊர்வலம் போகலாம். போகலாம்தான். வலி மரத்துப்போகும், காரணம் அப்படியே இருக்கும். வலி தெரியாத குதிரை கெட்டுப்போன காலில் முழுப் பாரத்தையும் போடும். முதல் நாள் ஓய்வில் ஆறியிருக்கக் கூடியது மூன்றாம் நாள் கிழிந்திருக்கும். நொண்டுகிற, நோயுள்ள பிராணியை வேலை வாங்குவதே 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஊசி அந்தக் குற்றத்தை மறைக்கத்தான் உதவுகிறது.

7. மெலிந்த குதிரைக்கு நிறையத் தீனி போட்டால் தேறும் என்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு கை. நொண்டியோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. புல்லைத் தின்னப் படைக்கப்பட்ட வயிற்றில் திடீரென்று தானியம் குவிந்தால் அது குடலில் புளித்து, அதன் நஞ்சு ரத்தத்தில் கலந்து, முதலில் தாக்குவது குளம்புக்குள் இருக்கிற அந்த 600 மடிப்புகளை. கல்யாண வீட்டில் ஆளாளுக்குச் சோறும் வெல்லமும் ஊட்டுவார்கள். மூட்டையை அவிழ்த்துக் குதிரையே தின்றுவிடுவதும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து, நெருப்பில் நிற்பதுபோல் நிற்கும். பிடி தளர்ந்த எலும்பு குளம்புக்குள்ளேயே சாய்ந்து, அடித்தளத்தைக் குத்த ஆரம்பிக்கும். சாய்ந்தது பழையபடி நிமிர்வது மிகக் கடினம். மார்க்கோ போலோவின் காலத்தவரான பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இங்கே குதிரைக்கு நெய்யில் சமைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அன்பு குறையவில்லை என்பது தெரிகிறது.

இந்த நோயில் குதிரையை நடக்க வைப்பது கொலைக்குச் சமம். தானியத்தை உடனே நிறுத்தி, குளம்புகளை ஐஸ் தண்ணீரில் நிற்க வைத்து, காலடியில் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்பி, அந்த மணி நேரமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இங்கேயும் கம்பியைக் காய்ச்சுகிறார்களே, அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஏற்கெனவே எரிகிற காலுக்கு மேலே இன்னொரு நெருப்பு.

கடைசியாக ஒரு வாதம் வரும். அதுதான் வலுவான வாதம். ‘டாக்டருக்கு நாங்க எங்க போறது? மாடு பாக்கற டாக்டர்தான் இருக்காரு. கம்பி எங்ககிட்ட இருக்கு.’ இதில் உள்ள கஷ்டத்தை ஒப்புக்கொள்கிறேன். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் அபூர்வம்தான். ஆனால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதைவிட முக்கியம், குளம்பு நோயில் பாதி, மருத்துவர் வருவதற்கு முன்னால் சொந்தக்காரன் கையில் இருக்கிறது. தினமும் நாலு காலையும் தூக்கி, மழுங்கின கொக்கியால் சாணியையும் கல்லையும் சுரண்டி எடுக்கச் செலவு என்ன? மூத்திரத்திலும் சாணியிலும் நிற்க விடாமல் கொட்டிலைக் காயவைத்தால், முக்கோண மெத்தையின் இடுக்கில் கறுத்து நாறுகிற அழுகல் பெரும்பாலும் வரவே வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பு ஊறி இளகுகிறது. அந்த நேரம் பார்த்துச் சீமைக்கருவேல முள்ளும், பந்தல் பிரித்த இடத்தில் சிந்தின ஆணியும் ஏறுகின்றன. அப்படி எதுவும் ஏறியிருந்தால், எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ரணஜன்னிக்குத் தடுப்பூசி கட்டாயம். வீட்டுப் பிராணிகளில் குதிரையைப்போல் அந்த நோய்க்கு எளிதில் இரையாவது வேறில்லை.

கை ஒன்று போதும், கம்பி வேண்டாம். இரண்டு முன்குளம்பையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறது என்று தெரியும். கணுவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்தால், நல்ல காலில் நாடி தேடினாலும் எளிதில் கிடைக்காது; நோயுள்ள காலில் விரலைத் தட்டும். இவ்வளவும் தெரிந்த பிறகு மேலே சப்பையைப் பார்க்கலாம்.

வெள்ளைக் குதிரை அடுத்த மழையில் மறுபடி நொண்டியது, இந்த முறை வலது கால். சொந்தக்காரர் அடுப்பில் கம்பியைப் போட்டுவிட்டார். ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், அரைமனதாகச் சம்மதித்தார். காலைத் தூக்கிக் கழுவினோம். அடியில், சுவரும் அடித்தளமும் சேருகிற வெள்ளைக் கோட்டின் மேல் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. மருத்துவர் வந்து அந்தப் புள்ளியைத் தொடர்ந்து கத்தி நுனியால் தோண்டினார். சாம்பல் நிறத்தில் சீழ் பீறிட்டது. ரணஜன்னிக்கு ஊசி போட்டார். பிறகு வெந்நீரில் பேதி உப்பைக் கரைத்து, வாளியில் காலை வைத்து, துணி கட்டி, காய்ந்த இடத்தில் நிறுத்தினோம். நான்காம் நாள் அது நாலு காலிலும் நின்று புல் தின்றது. சொந்தக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இடது சப்பையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அந்த மூன்று கோட்டிலும் மயிர் இன்னும் முளைக்கவில்லை.